பென்னாகரத்துக்காரியின் வியட்நாம் டைரி

ஞாயிறு, தர்மபுரி

நாளை இரவு விமானம். பையைக் கட்டி, பிரித்து, மறுபடியும் கட்டியாகிவிட்டது. அம்மா பென்னாகரத்திலிருந்து காலை முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார். கையில் எள்ளுப்பொடி, பருப்புப்பொடி, கடலை உருண்டை, கூடவே ஒரு கிலோ கேழ்வரகு மாவு. "அங்க அரிசிதானாம். ஒரு நாளைக்காவது களி கிண்டிக்க, கண்ணு" என்கிறார். மாவைத் தவிர மற்றதெல்லாம் பையில் ஏறிவிட்டது.

எனக்கு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. ஜூலையில் ஆரம்பிக்கும் ஓட்டம், ஆடிட் கணக்குகளுக்கான வருமான வரித் தாக்கல் கெடு, அக்டோபர் 31, முடிந்தால்தான் நிற்கும். நவம்பர், டிசம்பரில் கொஞ்சம் கை ஓய்ந்திருக்கும். சேர்த்துவைத்த லீவை மொத்தமாகக் கேட்டதும் சார் என்னையே பார்த்தார். "உடம்பு ஏதும் சரியில்லையாம்மா?" என்றார். தனியாக வியட்நாம் போகிறேன் என்றதும் கவலை இன்னும் கூடிப்போனது.

வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடையைப் பூட்டிவிட்டு எங்கேயும் வரமாட்டார். மகள் கோவையில் படிக்கிறாள். "குரூப் டூர்ல போனா சோறு, காரு, கைடு எல்லாம் அவங்களே பார்த்துப்பாங்களே" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல்லில் டூர் பஸ்கள் வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எண்ணெய் தேய்த்துக் குளி, மீன் வறுவல் சாப்பிடு, பரிசல் ஏறு, நாலு மணிக்கெல்லாம் பஸ்ஸுக்கு வந்துவிடு. ஆற்றை நின்று பார்க்க ஒருத்தருக்கும் நேரமிருக்காது. ஒரு நாட்டை அப்படிப் பார்த்துவிட்டு வர எனக்கு இஷ்டமில்லை.

ஏன் வியட்நாம் என்றால், செலவு கைக்குள் அடங்கும். விசா உட்கார்ந்த இடத்திலேயே வாங்கலாம். ஒருமுறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை தங்கலாம். 2023 ஆகஸ்டுக்கு முன்னால் 30 நாள்தான் கொடுத்தார்கள். பாஸ்போர்ட்டுக்குக் கட்டியது 1,500 ரூபாய். விசாரணைக்குப் போலீஸ்காரர் வீடு தேடி வந்ததில் தெரு முழுக்க விஷயம் தெரிந்துபோனது இலவசம்.

திங்கள் இரவு, பெங்களூரு விமான நிலையம்

கிருஷ்ணகிரி டோல்கேட், ஓசூர், அத்திப்பள்ளி என்று பழகிய வழிதான். எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி விமான நிலையப் பஸ் பிடித்தேன். ஊரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வருவதைவிட அங்கிருந்து தேவனஹள்ளி போவதுதான் பொறுமையைச் சோதித்தது.

கவுன்டரில் இருந்த பையன், வியட்நாமை விட்டு வெளியேறும் டிக்கெட்டைக் காட்டினால்தான் போர்டிங் பாஸ் என்றான். சைகோனிலிருந்து (ஹோ சி மின் நகரம்) திரும்பும் டிக்கெட், விசா, ஓட்டல் ரசீது எல்லாம் பிரிண்ட் எடுத்து, கிளிப் போட்டு, ஃபைலில் வைத்திருந்தேன். ஆடிட் ஆபீஸ் பழக்கம் கைகொடுத்த இடம் இது. பையன் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தான்.

குடியேற்றச் சோதனையில் அதிகாரி கன்னடத்தில் கேட்டார். எங்கள் ஊர்க் கன்னடத்தில் பதில் சொன்னேன். "ஒப்பரேனா?" என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டார். ஆமாம், ஒருத்திதான். டப்பென்று முத்திரை விழுந்தது. அந்தப் பக்கம் போனதும் யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். சரி என்று காபி வாங்கப் போனேன். விலையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன்.

புதன், ஹனோய்

கோலாலம்பூரில் இறங்கி, விமானம் மாறி, நேற்று வந்து சேர்ந்தேன். நம் ஊரைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும் கடிகாரம்.

முதலில் பணத்தைப் பழக வேண்டியிருந்தது. ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். சாப்பாட்டு பில்லில் 60,000 என்று பார்த்தால் பகீர் என்கிறது. மூன்று சைபரைத் தட்டிவிட்டு, மிச்சத்தை மூன்றேகாலால் பெருக்கினால் ரூபாய் வந்துவிடும், கிட்டத்தட்ட. 10,000-லிருந்து மேலே எல்லாம் பிளாஸ்டிக் நோட்டு, எல்லாவற்றிலும் விடுதலைத் தலைவர் ஹோ சி மின். 20,000 நோட்டும் நீலம், 5,00,000 நோட்டும் நீலம். ஒன்று 65 ரூபாய்ச் சமாச்சாரம், இன்னொன்று 1,600-க்கு மேல். பெரிய நோட்டுகளைப் பர்ஸின் வேறு அறைக்கு மாற்றிவிட்டேன். வருகிறவர்களும் அப்படியே செய்யுங்கள்.

அடுத்தது சாலையைக் கடப்பது. பழைய நகரத்துச் சந்துகளில் ஸ்கூட்டர் வெள்ளம். நம் ஊரில் ஓடிக் கடப்போம். இங்கே ஓடக்கூடாது, நிற்கவும் கூடாது. ஒரே வேகத்தில் மெதுவாக நடந்தால் வண்டிகள் தானாக விலகிப் போகின்றன. நேற்று மாலை ஓரமாக நின்று ஒரு பாட்டி கூடையோடு கடப்பதை வேடிக்கை பார்த்தேன். இன்று காலை நானும் கடந்தேன். ஹார்ன் உண்டு, திட்டு இல்லை.

தனியாக வந்தால் பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பயம் இல்லை, அலுப்புதான் இருக்கிறது. எங்கே திரும்புவது, எதைச் சாப்பிடுவது, எப்போது எழுந்திருப்பது என்று ஒவ்வொன்றையும் நானே தீர்மானிக்க வேண்டும். வீட்டில் எல்லாவற்றையும் நான்தான் பார்க்கிறேன் என்று இத்தனை நாள் புலம்பியிருக்கிறேன். அதெல்லாம் மற்றவர்களுக்காகச் செய்தது. எனக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை போல. மத்தியானம் ஒரு கடை வாசலில் நின்று, பசியா இல்லையா என்பதற்கே பதில் தெரியாமல் முழித்தேன்.

முட்டைக் காபி குடித்தேன். 1946-ல் பால் தட்டுப்பாடு இருந்தபோது பாலுக்குப் பதில் முட்டை மஞ்சள் கருவை அடித்து ஊற்றியதில் பிறந்ததாம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைக் காபிக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

வியாழன், ஹனோய்

வான் ஃபுக் என்ற பட்டு ஊருக்குப் போய் வந்தேன். நகரத்திலிருந்து மெட்ரோவே போகிறது. ஹனோயின் முதல் மெட்ரோ பாதை அது. 2021 நவம்பரில்தான் திறந்தார்கள். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஊர் வந்துவிடும். தெருவுக்கு மேலே வண்ணக் குடைகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், போட்டோ எடுக்க. நான் போனது அதற்கு இல்லை.

எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். நான் பத்தாவது முடிக்கும்வரை, பரீட்சைக்குப் படித்ததே புழு தழை மேயும் சத்தத்தில்தான். மழைத்தூறல் போடுகிற மாதிரி ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். புழு பழுத்துக் கூடு கட்டத் தயாராகிவிட்டால் பள்ளிக்கூடம் கிடையாது, வீட்டில் எல்லாரும் பொறுக்கிச் சந்திரிகை என்கிற மூங்கில் தட்டில் விட வேண்டும். கூடு கட்டி முடித்ததும் அப்பா சாக்கில் கட்டித் தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு எடுத்துப் போவார். ஏலத்தில் என்ன விலை போனது என்பது அவர் பஸ்ஸை விட்டு இறங்கும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

வான் ஃபுக்கில் புழு இல்லை, நெசவுதான். நூல் பெரும்பாலும் தெற்கே லாம் டோங் பக்கம் பாவ் லோக்கிலிருந்து வருகிறது. பவர்லூம் சத்தம் காதைப் பிளக்கிற ஒரு கடையில் சால்வையைத் தடவிப் பார்த்தேன். கடைக்கார அம்மாளுக்கு நான் நம்பவில்லை என்று பட்டிருக்க வேண்டும். ஓரத்திலிருந்து இரண்டு இழையை உருவி, லைட்டரால் கொளுத்தி, என் மூக்கருகே நீட்டினார். முடி கருகும் வாடை. எரிந்த நுனியை நான் விரலால் நசுக்கினேன். கருப்புப் பொடியாக உதிர்ந்தது. பாலியெஸ்டராக இருந்தால் உருகி மணியாகத் திரண்டு நிற்கும். அவர் அடுத்து சொல்ல வந்ததை நான் செய்துகாட்டியதும் சிரித்துவிட்டார். வேறொரு அலமாரியைக் காட்டி, அது கலப்பு என்று கையாலேயே சொன்னார். எங்கள் பழைய புழு மனையின் போட்டோ போனில் இருந்தது, காட்டினேன். உள்ளே கூட்டிப் போய்த் தறியைக் காட்டினார், டீ கொடுத்தார். விலையை நான் கேட்பதற்கு முன்பே குறைத்தார்.

சாயங்காலம் சந்தையில் கூட்டுப்புழு வறுத்து வைத்திருந்தார்கள், எலுமிச்சை இலையைப் பொடியாக நறுக்கித் தூவி. நம் ஊரில் நூல் எடுத்த பிறகு அது கோழித் தீவனத்துக்கும் மீனுக்கும் போகும். இங்கே தட்டு நிறைய வாங்கி, பீரோடு ரசித்துச் சாப்பிடுகிறார்கள். வாசனை நன்றாகவே இருந்தது. என்னால் முடியவில்லை.

ஞாயிறு, ரயிலில்

நடுவில் நின் பின் என்ற ஊருக்குப் போனேன். தண்ணீருக்கு நடுவே சுண்ணாம்புக்கல் குன்றுகள், படகில் சாய்ந்து உட்கார்ந்து காலாலேயே துடுப்புப் போடும் பெண்கள். பார்க்க வேண்டிய இடம்தான். என் படகுக்கு முன்னாலும் பின்னாலும் செல்ஃபி ஸ்டிக் நீட்டிய படகுகள் வரிசையில் நின்றதால் எழுத ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது ஹுவே போகும் ராத்திரி ரயில். ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,726 கிலோமீட்டர், மொத்தமும் மீட்டர் கேஜ். அப்போது இங்கே ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் 1936-ல் முடித்த பாதை. வியட்நாம் போரில் பாலம் பாலமாக உடைந்தது. 1975 ஏப்ரலில் போர் முடிந்தது, 1976 டிசம்பர் கடைசியில் வடக்கும் தெற்கும் சேர்ந்து ரயில் ஓடிவிட்டது. எங்கள் ஊரில் மொரப்பூர் - தர்மபுரி ரயிலை 1941-ல் நிறுத்தினார்கள். மறுபடியும் போடுவதாகச் சொல்லும் பாதை 36 கிலோமீட்டர்தான். தேர்தலுக்குத் தேர்தல் அது வந்துகொண்டே இருக்கிறது.

ஆறு பேர் படுக்கும் அறை. எனக்கு நடுப் படுக்கை. கீழே ஒரு தாத்தா, பாட்டி, பேரன். பாட்டி ஆரஞ்சை உரித்து முதல் சுளையை எனக்கு நீட்டினார். நான் கடலை உருண்டையை எடுத்தேன். இங்கேயும் வேர்க்கடலையும் வெல்லப்பாகும் சேர்த்து மிட்டாய் போடுகிறார்கள், அதனால் பேரன் சந்தேகமே இல்லாமல் வாயில் போட்டுக்கொண்டான். பாட்டி மொழிபெயர்ப்புச் செயலியில் பேசினார். புருஷன் எங்கே, எத்தனை பிள்ளை, சம்பளம் எவ்வளவு. நம் ஊர் பஸ்ஸில் கேட்கும் அதே வரிசை. "தனியாக வந்தது சோகமாக இல்லையா?" என்று செயலி தமிழில் கேட்டது. இல்லை என்று தலையாட்டினேன். இன்னொரு சுளை கொடுத்தார், நம்பாதவர் மாதிரி.

செவ்வாய், ஹுவே

மழை. நேற்றும் மழை. நமக்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் வடகிழக்குப் பருவமழைதான் இந்த நடு வியட்நாம் கரையிலும் கொட்டுகிறது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர்களில் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

1802 முதல் 1945 வரை ஆண்ட ங்குயென் அரசர்களின் கோட்டையைச் சுற்றினேன். அரண்மனை இருந்த பல இடங்களில் புல்தான் இருக்கிறது. 1947-லும் 1968-லும் நடந்த சண்டைகளில் போனவை.

ஹுவேயில் சைவச் சாப்பாடு அருமை. 'சாய்' என்று பலகை வைத்திருந்தால் சைவக் கடை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பௌத்தர்கள் பலர் கறி மீன் தொடமாட்டார்கள், அன்றைக்கு அந்தக் கடைகளில் உட்கார இடம் கிடைக்காதாம். அம்மாவிடம் போனில் சொன்னேன். "அப்ப நம்ம மாதிரி ஜனங்கதான்" என்றார். அதுவரை என்ன நினைத்துக்கொண்டிருந்தாரோ.

வெள்ளி, ஹோய் ஆன்

ஹுவேயிலிருந்து தனாங் வரும் ரயில் ஹாய் வான் மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஊர்ந்து வருகிறது. இடது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்று மழை விட்டது. ஊருக்கு வெளியே காம் தான் என்ற இடத்தில் நீர்த்தென்னைக் காடு. அங்கே பரிசல் ஓடுகிறது. அச்சு அசல் நம் பரிசல். வட்டம், மூங்கில், ஒற்றைத் துடுப்பு. சுற்றுலாக்காரர்களுக்காகப் பெரிய ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு, ஒருவர் பரிசலைப் பம்பரமாகச் சுற்றிக் காட்டுகிறார், சுற்றி நின்று கை தட்டுகிறார்கள். ஒகேனக்கல்லிலும் காசுக்குச் சுற்றிக் காட்டுவார்கள். நல்ல வேளை, ஸ்பீக்கர் இல்லை.

நான் ஏறிய பரிசலை ஓட்டியவர் என்னைவிட வயதில் மூத்த ஒரு அக்கா. கூட்டத்தை விட்டு உள்ளே போகலாமா என்று கையைக் காட்டினேன். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது போல, தென்னை ஓலைகள் தலையில் உரசும் வாய்க்காலுக்குள் திருப்பிவிட்டார். பரிசலின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். நம்முடையதில் மூங்கில் பத்தைகள் இடைவெளி விட்டுப் பின்னியிருக்கும், அடியில் ஷீட்டைப் போர்த்தித் தார் பூசுவார்கள். அந்தக் காலத்தில் தோல். இது வேறு. பத்தையை மெல்லிசாகச் சீவி, பாய் மாதிரி நெருக்கிப் பின்னியிருக்கிறது. இடுக்குகளில் மாட்டுச்சாணியைத் திணித்து அடைத்து, காய்ந்ததும் மேலே மரத்து எண்ணெயைப் பூசுகிறார்கள். விளிம்பில் மட்டும் தடித்த மூங்கில் வளையம், கயிற்றால் நெருக்கக் கட்டியது. படகுக்கெல்லாம் பிரெஞ்சுக்காரர்கள் வரி போட்டபோது, இது படகு இல்லை, கூடை என்று சொல்லித் தப்பித்தார்களாம். அப்படியொரு கதை சொல்கிறார்கள். வரிக் கணக்கு எழுதிப் பிழைப்பவளுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது.

துடுப்பைக் கொடுங்கள் என்று கேட்டேன். அக்கா தயங்கினார். எங்கள் மாமா ஊட்டமலைக்காரர், ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியவர். சின்ன வயதில் அமைதியான தண்ணீரில் எனக்கும் துடுப்பு கொடுப்பார். முன்னால் குந்தி உட்கார்ந்து, தண்ணீரை வெட்டி நம் பக்கம் இழுக்க வேண்டும். பின்னால் தள்ளினால் பரிசல் நின்ற இடத்தில்தான் சுற்றும். முதல் சில இழுப்பில் சுற்றியது. அப்புறம் கைக்கு ஞாபகம் வந்து, நேராகப் போனது. அக்கா எதையோ சத்தமாகச் சொல்லித் தொடையில் தட்டினார். பக்கத்து வாய்க்காலிலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அங்கிருந்தே மாமாவுக்கு வீடியோ போட்டேன்.

"துடுப்ப எங்க புடிச்சிருக்க பாப்பா, கைய எறக்கு" என்றார் முதலில். அப்புறம்தான் எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். அக்காவைக் காட்டினேன். இருவரும் ஆளுக்கொரு மொழியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"தார் பூசலையா?"

"சாணி பூசறாங்க மாமா. மேல எண்ணெய்."

"சாணியா! தண்ணி உள்ள வராது?"

அடிப்பக்கத்தைக் காட்டினேன், ஒரு சொட்டு இல்லை. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "அங்க தண்ணி அதிகமா வந்தா தடை போட்ருவாங்களா?" கர்நாடகாவில் அணை திறந்தால் ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை, தடை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. செயலி வழியாக அக்காவிடம் கேட்டேன். வெள்ளம் வந்தால் வேலை இல்லை என்று கையை விரித்தார். மாமா தலையை ஆட்டிக்கொண்டார்.

சனி, மை சான்

ஹோய் ஆனிலிருந்து 40 கிலோமீட்டர். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், அந்தக் காலத்தில் நடு வியட்நாம் கரையை ஆண்ட சம்பா அரசர்களின் சிவன் கோவில்கள். நாலாம் நூற்றாண்டில் பத்ரவர்மன் தன் பேரையே சேர்த்து பத்ரேஸ்வரர் என்று சிவனுக்குப் பெயர் வைத்துத் தொடங்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எல்லாம் செங்கல். செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே பூச்சே கண்ணுக்குத் தெரியவில்லை, நகம்கூட நுழையாது.

கோவில்களுக்கு நடுவே பெரிய பெரிய குழிகள், புல் மூடிக் கிடக்கின்றன. அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகள். இருப்பதிலேயே உயரமான கோபுரம் 1969-ல் சரிந்தது. 2017-லிருந்து நம் தொல்லியல் துறை சில வருடம் இங்கே வேலை செய்தது. 2020 மே மாதம், ஊரெல்லாம் கொரோனாவில் அடைந்து கிடந்தபோது, தோண்டிய இடத்தில் ஒரே கல்லில் செய்த லிங்கம் ஒன்று முழுசாகக் கிடைத்தது. எங்கள் தர்மபுரிக் கோட்டை மல்லிகார்ஜுனர் கோவிலில் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன். இங்கே பூசை இல்லை, விளக்கு இல்லை, கண்ணைத் திறந்துகொண்டு கல்லைப் பார்க்க முடிந்தது. ஊருக்குப் போனால் கோட்டைக் கோவிலின் தூண்களை ஒழுங்காகப் பார்க்க வேண்டும்.

புதன், ஹோய் ஆன்

கார்த்திகை தீபம். இங்கே மாதாமாதம் பௌர்ணமிக்கு முந்தின இரவு பழைய ஊரில் மின்விளக்கை அணைத்துவிட்டுக் காகித விளக்குகளை ஏற்றுகிறார்கள். இந்த மாதம் இரண்டும் ஒரே இரவில் வந்துவிட்டது. ஆற்றில் விடச் சொல்லி விளக்கு விற்கும் பாட்டிகள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். எனக்கு ஆற்றில் குப்பை போட மனசில்லை. விளக்கை வாங்கி, தங்கியிருக்கும் வீட்டின் வாசற்படியில் வைத்தேன். வீட்டுக்கார அம்மாள் பார்த்துவிட்டு உள்ளே போய் இன்னும் இரண்டு எடுத்து வந்து வைத்தார். அம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன். "எண்ணெய் ஊத்தலையா?" என்று பதில் வந்தது.

சனி, சைகோன்

மறுபடியும் ஸ்கூட்டர் வெள்ளம், ஹனோயைவிடப் பெரிசு. பென் தான் மார்க்கெட்டிலிருந்து பொடிநடையாக மாரியம்மன் கோவிலுக்குப் போனேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் வியாபாரத்துக்கு வந்த தமிழர்கள் கட்டியது. 1975-க்குப் பிறகு பெரும்பாலானவர்கள் போய்விட்டார்கள், அம்மன் இருந்துவிட்டாள். கும்பிட வருகிறவர்கள் இப்போது வியட்நாமியர்களும் சீனர்களும்தான். கை நிறைய ஊதுபத்தி, சாமந்திப்பூ.

நான் எப்போதும் போல் கன்னத்தில் போட்டுக்கொண்டு பிரகாரம் சுற்றினேன். பின்பக்கம் கருவறைச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து, நெற்றியை ஒட்டி, வரிசையாக நின்று சுவரோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா நிற்பதைப் பார்த்த ஒரு அம்மாள், என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்து, தலையைப் பின்னாலிருந்து மெதுவாக அழுத்திவிட்டார். பேசு என்று வாயைக் காட்டினார். மாரியம்மனிடம் எப்படிப் பேசுவது என்று பென்னாகரத்துக்காரிக்கு சைகோனில் ஒருவர் சொல்லித் தருகிறார்! சொன்னபடி செய்தேன். என்ன பேசினேன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

நாளைக் காலை கான் தோ பஸ். மெகாங் டெல்டாவில் காய் ராங் மிதக்கும் சந்தை விடியும் முன்னே கூடி, வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிடும். எந்தப் படகில் என்ன விற்கிறார்கள் என்று தெரிய, அந்தக் காயையே நீளக் கம்பு நுனியில் கட்டித் தூக்கி வைத்திருப்பார்களாம். அடுத்த பதிவு அங்கிருந்து. மொத்தச் செலவைக் கேட்டு எழுதியவர்களுக்கு: கணக்கு எழுதிக்கொண்டுதான் வருகிறேன், ஊருக்கு வந்து தலைப்பு வாரியாகப் போடுகிறேன். பட்டுச் சால்வை தனித் தலைப்பு. அதை வீட்டுக்காரர் படிக்காமல் இருந்தால் நல்லது.